மருவும் ஹெர்ப்பிஸும் ஒரே கர்ப்பத்தில்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு உரியவர்

ஏற்காட்டை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கும், காப்பித் தோட்டத்தில் நாள்கூலிக்கு வேலை பார்க்கும் 24 வயதுப் பெண்ணைப் பற்றியது இந்த ஆய்வு. சேலத்தில் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவராகப் பணிபுரியும் நான், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மலைமேல் நடக்கும் ஒரு சிறிய முகாமில் நோயாளிகளைப் பார்க்கிறேன். அவரை முதன்முதலில் அங்கேதான் சந்தித்தேன். அப்போது அவருக்கு 27 வாரக் கர்ப்பம். அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன் எழுதப்படும் இதில், அவரையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றிய விவரங்களை மாற்றவில்லை.

பின்னணி

திருமணமாகி இரண்டு ஆண்டுகள். கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார். வார இறுதியில்தான் மலைக்கு வருவார். முந்தைய ஆண்டு எட்டாவது வாரத்தில் ஒரு கரு கலைந்திருந்தது. அந்த அச்சத்தில், இந்த முறை நாள் தள்ளிப்போனதும் குடும்பத்தார் அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அங்கே 11-ஆவது வாரத்தில், கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் 'டார்ச்' என்னும் இரத்தப் பரிசோதனை எடுக்கப்பட்டது. ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், கொப்புளப் புண்களை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஆகிய மூன்றுக்கும் ஐ.ஜி.ஜி. (பழைய தொற்றுக்கோ தடுப்பூசிக்கோ பின் உடலில் நிலைத்திருக்கும்) எதிர்ப்புப் புரதம் 'பாசிட்டிவ்' என்றும், ஹெர்ப்பிஸுக்கு மட்டும் ஐ.ஜி.எம். (புதிய தொற்றில் முதலில் உருவாகும் புரதம்) எல்லைக்கோட்டில் இருப்பதாகவும் அறிக்கை வந்தது. உடம்பில் மூன்று வைரஸ்கள் இருக்கின்றன, எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்துவிட்டது, குழந்தை ஊனமாகப் பிறக்கலாம், கலைப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. கலைக்க அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. அதன்பின் எதிர்ப்புச் சக்திக்கு என்று மூன்று மாதங்கள் மாத்திரைகளும் சத்துப் பொடியும் வாங்கியதில், கம்மலும் ஒரு மோதிரமும் அடகுக்குப் போயின.

என்னிடம் வந்தபோது அந்த அறிக்கைகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில், மடிப்புக் கலையாமல் இருந்தன. அவர் வந்ததோ வேறு காரணத்துக்காக. "அடியில சதை வளர்ற மாதிரி இருக்குதுங்க டாக்டரம்மா" என்று, உடன்வந்த கிராம சுகாதார செவிலியர் திரையை இழுத்துவிட்ட பிறகுதான் சொன்னார். இரண்டு மாதமாக வளர்கிறதாம். பாலுண்ணி என்று நினைத்து அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவியிருக்கிறார். எரிச்சல் தாங்காமல் நிறுத்திவிட்டார்.

முதல் பரிசோதனையில் கண்டவை

பிறப்புறுப்பின் இரு உதடுகளிலும் பின்விளிம்பிலும் பதினைந்துக்கும் மேற்பட்ட மருக்கள் இருந்தன. பெரும்பாலானவை குண்டுமணி அளவு. பின்விளிம்பில் இருந்த ஒன்று மட்டும் சிறு நெல்லிக்காய் அளவுக்குப் பூக்கோசு போலப் பிளவுபட்டு வளர்ந்திருந்தது. செடிப்பால் பட்ட இடம் சிவந்திருந்தது. புண் எதுவும் இல்லை. சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்திலும் இதே இடத்தில் தட்டையான, ஈரமான புடைப்புகள் வரும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் எச்.ஐ.வி. பரிசோதனையையும் மறுமுறை செய்யச் சொன்னேன். இரண்டிலும் தொற்று இல்லை. குளுக்கோஸ் குடித்த பின் எடுத்த சர்க்கரை அளவும் இயல்பாகவே இருந்தது.

அவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு நேரான விடை அப்போதே கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணமான, எச்.பி.வி. என்னும் வைரஸின் 6, 11 ஆகிய வகைகள் தோலின் மேலடுக்குகளுக்குள்ளேயே வாழ்பவை. அவை செல்களை வெடிக்கச் செய்வதில்லை, இரத்தத்தில் பரவுவதும் இல்லை. ஆகவே உடலின் காவலர்கள் அவற்றை எளிதில் கண்டுகொள்வதில்லை. மருவைக் கரைப்பது இரத்தத்தில் மிதக்கும் புரதங்களைவிட, அந்த இடத்துக்கே வந்து சேரும் டி-செல்கள்தாம். கர்ப்பக் காலத்தில் அந்தச் செல்வழி எதிர்ப்பு சற்றே தணிகிறது. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டமும் கூடுகிறது. அதனால் மருக்கள் வேகமாகப் பெருகுவதும், பிரசவத்துக்குப் பின் தாமாகவே சுருங்குவதும் வழக்கம். இது கருவைத் தாங்குவதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. இதற்குச் சத்துப் பொடி மருந்தாகாது.

மஞ்சள் பையைப் பிரித்துப் பார்த்தேன். ரூபெல்லாவுக்கு ஐ.ஜி.ஜி. இருப்பது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இருக்கவேண்டும் என்று நாம் விரும்பும் பாதுகாப்பு. சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலானோர் சிறு வயதிலேயே கடந்துவருவது. ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.எம். பரிசோதனை தவறான விடைகளைத் தருவதால், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இவ்வளவும் மனத்தில் இருந்தும், அவரிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இதெல்லாம் ஒன்றுமில்லை, தூக்கிப் போட்டுவிடுங்கள்." ஆறுதலாகத்தான் சொன்னேன். அது பாதி தவறு என்பது ஐந்து வாரம் கழித்து விளங்கியது. நல்லவேளையாக அவர் அதைத் தூக்கிப் போடவில்லை.

சிகிச்சைத் தேர்வு

மருவுக்குத் தடவும் மருந்துகளில் போடோஃபிலினும் இமிக்விமாட் களிம்பும் கர்ப்பத்தில் தவிர்க்கப்பட வேண்டியவை. மீதமிருந்தவை உறைய வைத்தல், ட்ரைக்குளோரோ அசிட்டிக் அமிலம், அறுவை ஆகிய மூன்று. திரவ நைட்ரஜனை இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறி மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குடுவையில் பாதி ஆவியாகிவிடும். அவர் சேலத்துக்கு வந்துபோனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே அமிலத்தைத் தேர்ந்தேன். சுற்றிலும் வாசலின் தடவி, குச்சியின் நுனியால் மருவை மட்டும் தொட்டால், சில நொடிகளில் அது சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும். வழிந்தால் மாற்றுவதற்குச் சமையல் சோடா கரைசல் கையருகே இருக்கும். 27-ஆவது, 29-ஆவது வாரங்களில் இரண்டு முறை செய்ததில் சிறிய மருக்கள் பாதிக்குமேல் உதிர்ந்தன.

31-ஆவது வாரம்: என் தவறு

மூன்றாம் முறை வந்தபோது இடப்பக்க உதட்டில் நான்கைந்து சிறு புண்கள் இருந்தன. அமிலம் பட்ட புண் என்று எடுத்துக்கொண்டு, சிகிச்சையை நிறுத்தி, ஆற்றும் களிம்பு கொடுத்து அனுப்பினேன். கடைசியாக அமிலம் வைத்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன என்பதையும், புண்கள் இருந்தது நான் தொடாத பக்கம் என்பதையும் என் குறிப்பேட்டிலேயே எழுதியிருந்தேன். எழுதியதை நான் வாசிக்கவில்லை.

ஐந்து நாட்களில் செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். சிறுநீர் கழிக்கையில் தாங்கமுடியாத எரிச்சல் என்றார். மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் சேலத்துக்கு வந்துவிட்டார்கள். இப்போது புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரம் வளைவு வளைவாக, ஆழமில்லாமல் இருந்தன, இடத் தொடையிடுக்கில் ஒரு நெறிகட்டி தொட்டால் வலித்தது, காய்ச்சல் இல்லை. ஒரு புண்ணின் அடியை மழுங்கிய பக்கத்தால் மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கீம்சா சாயமிட்டுப் பார்த்தேன். பல செல்கள் ஒன்றாகக் கலந்து ஒரே பெரிய செல்லாகி, அதற்குள் உட்கருக்கள் மாதுளை முத்துகள்போல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸுக்கான அடையாளம் அது. எந்த வைரஸ் என்று அந்தத் தகடு சொல்லாது என்பதால் வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனைக்கும் பஞ்சுக்குச்சி அனுப்பினேன். நான்காம் நாள் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2 என்று வந்தது. முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஹெர்ப்பிஸுக்கான மருந்தாகிய ஏசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என ஏழு நாட்களுக்குத் தொடங்கினேன். அமிலம் ஏற்படுத்திய காயமே உறங்கிக்கிடந்த வைரஸை எழுப்பியிருக்கலாம்.

பழைய நோயா, புதிய நோயா

இந்த நிகழ்வின் மையம் இந்தக் கேள்விதான். ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டி முதன்முறையாக ஹெர்ப்பிஸ் தொற்றினால், குழந்தைக்கு அது பரவும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு. முன்பே தொற்றி, நரம்பு முடிச்சுகளில் உறங்கி, மீண்டும் தலைகாட்டும் நோயென்றால் அந்த வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. புண் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கலாம். தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே குழந்தையிடம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதே இந்த வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம்.

இப்போது அந்த மஞ்சள் பை வேண்டியிருந்தது. 11-ஆவது வாரத்திலேயே ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.ஜி. இருந்தது என்று அதிலிருந்த தாள் சொன்னது. ஆனால் அது 1, 2 ஆகிய இரு வகைகளையும் சேர்த்து எடுத்த பரிசோதனை. சிறு வயதில் உதட்டில் வந்துபோன முதல் வகைக்கான புரதமாகவும் அது இருக்கலாம். ஆகவே இரு வகைகளையும் பிரித்துக் காட்டும் பரிசோதனையைச் செய்தோம். இரண்டாம் வகைக்கும் ஐ.ஜி.ஜி. தெளிவாக இருந்தது. புதிதாகத் தொற்றியவருக்கு அந்தப் புரதம் அளவிடும் அளவுக்கு உருவாகப் பொதுவாகச் சில வாரங்களேனும் ஆகும். இவருக்கோ புண் வந்து பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை.

இன்னொரு சான்று அவருடைய வாயிலிருந்தே வந்தது. முதல் நாளே "முன்பு இப்படிப் புண் வந்ததுண்டா?" என்று கேட்டிருந்தேன், இல்லை என்றார். இப்போது செவிலியர் தம் பேச்சில், "சூட்டுக் கொப்புளம் வந்திருக்குதா கண்ணு?" என்று கேட்டார். போன வெயில் காலத்தில் இரண்டு முறை அதே இடத்தில் வந்து, ஒரு வாரத்தில் ஆறியதாம். "சூடுன்னு நெனச்சேனுங்க. மாமியார் அக்கின்னாங்க, ஆனா அந்த எடத்துல போயி எப்படிங்க அக்கி எழுதறது?" என்றார். எங்கள் பக்கம் அக்கிக்குக் காவி குழைத்து எழுதுவார்கள் என்பதை அறியாதவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். நான் கேட்ட புண் அவருக்குப் புண்ணாகத் தோன்றவில்லை. அவரிடம் அதற்கு வேறு சொல் இருந்தது.

ஆக, குழந்தையைக் கலைக்கச் சொல்லக் காரணமாக இருந்த அதே ஐ.ஜி.ஜி. இப்போது குழந்தைக்கான கவசமாக நின்றது. அதை அவரிடம் சொன்னபோது, தாளைத் திரும்ப வாங்கி, விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்து, "இதுவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மருவுக்கும் ஹெர்ப்பிஸுக்கும் என்ன தொடர்பு என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே வழியில் பரவுவதால் ஒருவரிடமே அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. ஹெர்ப்பிஸ் புண் தோலைத் திறந்துவிட்டால் எச்.பி.வி. அடியடுக்கை எட்டுவது எளிதாகிறது. ஒன்றின் குற்றத்தை மற்றதன்மேல் ஏற்றிய வரலாறும் உண்டு. 1970-களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்ப்பிஸ் 2 தான் காரணம் என்று பலரும் நம்பியிருந்தார்கள். அதை மறுத்துத் தேடிய ஹரால்ட் சுர் ஹௌசன் குழுவினர் 1983-இல் எச்.பி.வி. 16 வகையையும் அடுத்த ஆண்டு 18 வகையையும் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தனர்; 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருவுக்கு ஏசைக்ளோவிர் கொடுப்பவர்களும் இதை நினைவில் கொள்ளலாம். அந்த மருந்தைச் செயல்பட வைப்பது ஹெர்ப்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் என்னும் நொதி. எச்.பி.வி.யிடம் அந்த நொதி இல்லை.

கணவரும் மாமியாரும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரைத் தனியாகப் பார்த்தேன். முன்தோலுக்கு அடியில் அவர் கவனித்திராத இரண்டு சிறு மருக்கள் இருந்தன; எச்.ஐ.வி., சிபிலிஸ் இல்லை. மருக்களைச் சேலத்திலேயே உறைய வைத்து நீக்கினோம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டார். ஹெர்ப்பிஸ் அறிகுறியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கக்கூடியது, எச்.பி.வி. தொற்றி மாதங்கள் கழித்தும் மரு எழலாம், ஆகவே எந்தப் பரிசோதனையும் அந்தக் கேள்விக்கு விடை தராது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிரசவம் வரை தாம்பத்தியத்தைத் தவிர்க்க ஒப்புக்கொண்டார். மாமியாரிடம், மருமகளின் அனுமதியுடன், குழந்தை நலமாக இருக்கிறது என்பதையும் சத்துப் பொடியை நிறுத்தலாம் என்பதையும் மட்டும் சொன்னோம்.

பிரசவத் திட்டம்

34-ஆவது வாரத்தில் புண்கள் ஆறியபின், ஏசைக்ளோவிரின் காப்பில், அமிலச் சிகிச்சையை மீண்டும் தொடங்கினேன். 36-ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை 400 மில்லிகிராம் மூன்று வேளை தொடர்வது, பிரசவ நேரத்தில் புண் எழும் வாய்ப்பைக் குறைப்பதற்காக.

மகப்பேறு மருத்துவர் சிசேரியன் செய்வதே பாதுகாப்பு என்று முதலில் கருதினார். மரு, பிரசவப் பாதையை அடைக்கும் அளவுக்கோ பெருமளவில் இரத்தம் கசியும் அளவுக்கோ இருந்தால் ஒழிய அதற்காக அறுவை வேண்டியதில்லை, எச்.பி.வி. குழந்தையின் குரல்வளையில் மருக்களை உண்டாக்குவது அரிது, சிசேரியன் அதைத் தடுக்கும் என்பதும் உறுதியாகவில்லை. ஹெர்ப்பிஸ் விஷயம் வேறு. வலி தொடங்கும்போது புண்ணோ, புண்ணுக்கு முன்னோடியான எரிச்சலோ குறுகுறுப்போ இருந்தால் தயங்காமல் சிசேரியன் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து, ஒரே தாளில் தமிழில் எழுதினோம்: வலி வந்ததும் விளக்கு வைத்துப் பரிசோதிக்கவும், குறுகுறுப்பு உண்டா என்று கேட்கவும், குழந்தையின் தலையில் காயம் ஏற்படுத்தும் கருவிகளை இயன்றவரை தவிர்க்கவும். 38-ஆவது வாரத்தில் அவர் மலையிறங்கி அம்மாப்பேட்டையில் நாத்தனார் வீட்டில் தங்கினார்.

பிரசவமும் ஒன்பதாம் நாளும்

39-ஆவது வாரத்தில் வலி எடுத்தது. புண்ணும் இல்லை, குறுகுறுப்பும் இல்லை. சுகப்பிரசவம், 2.7 கிலோ எடையில் பெண் குழந்தை. பின்விளிம்பில் எஞ்சியிருந்த மரு கிழிந்து கொஞ்சம் இரத்தம் வந்ததில் ஒரு தையல் போடப்பட்டது. ஆறு வாரம் வரை காய்ச்சல், பால் குடிக்காமை, சோர்வு, கொப்புளம் இவற்றில் எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் இரவு, குழந்தையின் உச்சந்தலையில் ஒரு நீர்க்கொப்புளம். குழந்தை நன்றாகப் பால் குடித்தது, காய்ச்சல் இல்லை, வேர்க்குருவாகவே இருக்கலாம். ஆனாலும் குழந்தை மருத்துவர் காத்திருக்கவில்லை. கொப்புளத்திலும் கண்ணிலும் வாயிலும் பஞ்சுக்குச்சி எடுத்து, இரத்தமும் தண்டுவட நீரும் அனுப்பி, ஏசைக்ளோவிரை நரம்பு வழியாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கு ஒரு முறை தொடங்கினார். பச்சிளங்குழந்தையின் முதுகில் ஊசி போடுவதைப் பார்த்த தாய் உடைந்துபோனார். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று சொன்னீர்களே என்று என்னைக் கேட்டார். குறைவுதான்; ஆனால் அது மூளைக்குப் போய்விட்டால் மீட்க முடியாது என்பதால்தான் என்றேன். மூன்றாம் நாள் எல்லா முடிவுகளும் ஹெர்ப்பிஸ் இல்லை என்று வந்தன; கொப்புளத்தில் இருந்தது சாதாரண தோல் பாக்டீரியா. ஏசைக்ளோவிர் நிறுத்தப்பட்டது. அந்த மூன்று நாள் சிகிச்சை தேவையற்றது என்று நான் நினைக்கவில்லை.

அதன்பின்

ஆறாவது வாரத்தில் மருக்கள், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே, இரண்டைத் தவிர மறைந்திருந்தன. மூன்றாம் மாதத்தில் எஞ்சிய ஒன்றை உறைய வைத்தேன். அதற்குள் கொப்புளம் ஒரு முறை வந்து, ஐந்து நாள் மாத்திரையில் ஆறியது; எரிச்சல் தொடங்கிய அன்றே மாத்திரையைத் தொடங்க அவருக்கு இப்போது தெரியும். கொப்புளம் இருக்கும்போது குழந்தையைத் தொடுமுன் கை கழுவினால் போதும், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் விளக்கினோம். எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிற மருவைக் கரைக்காது, இன்னும் தொற்றாத வகைகளிலிருந்து காக்கும் என்று சொன்னபோது, தமக்குப் பிறகு யோசிப்பதாகவும் மகளுக்கு எந்த வயதில் போடலாம் என்றும் கேட்டார். ஒன்பது வயதில் என்றேன்.

இனி மாற்றிக்கொள்வன

அமிலச் சிகிச்சைக்குப் பின் வரும் எந்தப் புண்ணையும், நான் தொட்ட இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அமிலப் புண் என்று எழுத மாட்டேன்; ஐயம் இருந்தால் அன்றே பஞ்சுக்குச்சி எடுப்பேன். 31-ஆவது வாரத்தில் இழந்த ஆறு நாட்கள் இவருக்குக் கேடு செய்யவில்லை. அது முதல் தொற்றாக இருந்து, 38-ஆவது வாரத்தில் நேர்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

கணவரை ஐந்து வாரம் கழித்து அழைத்தது தாமதம். மருவைக் கண்ட முதல் நாளே அழைத்திருக்க வேண்டும்.

டார்ச் அறிக்கையைத் தூக்கிப் போடச் சொன்னதற்கு வருந்துகிறேன். அதை வைத்துப் பயமுறுத்தியவரும் அதை ஒதுக்கித் தள்ளிய நானும், எந்த வைரஸுக்கு, எப்போது, எந்த வகைப் புரதம் என்று அவருக்கு விளக்காத வகையில் ஒரே தவற்றைத்தான் செய்திருக்கிறோம். இப்போது யாராவது அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் ஒரு வரி எழுதித் தருகிறேன். அதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

கேள்வியின் சொல்லையும் மாற்றியிருக்கிறேன். முகாமின் கர்ப்பிணிப் பதிவேட்டில், முன்பு 'பிறப்புறுப்பில் புண் வந்ததுண்டா' என்று அச்சிட்டிருந்த இடத்துக்குக் கீழே, செவிலியர் தம் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார்: 'சூட்டுக் கொப்புளம்? அக்கி? அடிக்கடி ஒரே எடத்துல எரிச்சல்?'